நிஜாம் பணத்தில் சீமைக்குப் போன மாணவி

1891ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியவர்களின் முதல் வரிசையில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. ஊர் ஐதராபாத். வயது பன்னிரண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணைக் காண்பதே அரிதாக இருந்த காலம் அது. செய்தி ராஜதானியைத் தாண்டியும் பரவியது.

ஐதராபாத் பெண்ணுக்குச் சென்னையில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்த நாளில் இந்தச் சமஸ்தானத்தில் பல்கலைக் கழகம் கிடையாது. உஸ்மானியா பல்கலைக் கழகம் தோன்றியது 1918இல்தான். அதற்கு முன் இங்கே ஆங்கிலக் கல்வி கற்ற பிள்ளைகள் தேர்வுக்குச் சென்னையைத்தான் நம்பியிருந்தார்கள். நிஜாம் கல்லூரியே 1887 முதல் அறுபது ஆண்டுக் காலம் சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்தது. ஆகவே நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு, பிழைப்புத் தேடி ரயிலேறி வந்தவர்களால் மட்டும் ஏற்பட்டதல்ல.

அந்தப் பெண்தான் பின்னாளில் கவிக்குயில் என்று நாடு போற்றிய சரோஜினி நாயுடு. காங்கிரஸ் மகாசபையின் தலைவர், உத்தரப் பிரதேச கவர்னர் என்ற அளவில் பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். அவர் மாணவியாக இருந்த நாட்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவாரில்லை. நம்மைப் போல வேறு ஊரிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்துப் பெண் அவர். பெற்றோர் ஒன்று நினைக்க, பிள்ளை மனம் வேறு பக்கம் போகும் வழக்கு இன்று நம் வீடுகளிலும் நடக்கிறது. அது அந்த வீட்டில் எப்படி நடந்தது, எப்படி முடிந்தது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

வங்கத்திலிருந்து வந்தவர்கள்

தந்தை அகோரநாத் சட்டோபாத்யாயர். கிழக்கு வங்காளத்தில் டாக்கா ஜில்லா விக்ரம்பூரைச் சேர்ந்தவர். உபகாரச் சம்பளம் பெற்று ஸ்காட்லாந்து சென்று, எடின்பரோ பல்கலைக் கழகத்தில் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவரே என்பர். அவர் கடல் கடந்து படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய இளம் மனைவி வரதசுந்தரி தேவி, கல்கத்தாவில் கேசவ சந்திர சேனர் நடத்திய ஆசிரமத்தில் தங்கிக் கல்வி கற்றார். புருஷன் சீமையில், பெண்சாதி ஆசிரமத்தில், இருவரும் மாணவர்கள். இது நடந்தது 1870களில்!

பட்டத்தோடு திரும்பிய அகோரநாத் 1878இல் ஐதராபாத் வந்தார். ஆங்கில முறையில் ஒரு கலாசாலையை உருவாக்கும் பொறுப்பை நிஜாம் அரசு அவரிடம் கொடுத்தது. பின்னாளில் நிஜாம் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். மறு ஆண்டு, 1879 பிப்ரவரி 13ஆம் தேதி, மூத்த குழந்தையாகச் சரோஜினி பிறந்தார். பிறகு ஏழு பேர் பிறந்தார்கள்.

ரயில்வேயில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1883இல் ஐதராபாத்திலிருந்து வாரங்கல் வழியாகச் சாந்தா வரை ரயில் பாதை போட ஒரு திட்டம் வந்தது. இன்றைய சந்திரபூரின் பழைய பெயர்தான் சாந்தா. லண்டன் முதலாளிகளின் பணம். நஷ்டம் வந்தால் சமஸ்தானத்தின் தலையில். ஒப்பந்தத்தின் ஷரத்துக்களை ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். அவர்களில் முக்கியமானவர் அகோரநாத். அரசு அவரைப் பதவியிலிருந்து விலக்கி ஊரை விட்டே அனுப்பியது. அப்போது சரோஜினிக்கு நான்கு வயது. சில ஆண்டுகள் கழித்து அதே அரசு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வந்த ஊரில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்ற பயம் பிழைக்க வந்த எவனுக்கும் உண்டு. அந்த மனிதருக்கு அது இருந்ததாகத் தெரியவில்லை. சென்னையிலிருந்து டில்லி போகும் நாம் இன்று காஜிப்பேட்டையையும் பல்லார்ஷாவையும் கடந்து சந்திரபூர் வழியாகத்தான் போகிறோம். அந்த இணைப்புப் பாதை முழுமையானது 1929இல்.

பூட்டிய அறை

வீட்டில் பல மொழிகள் புழங்கின. தாய் வங்காளியில் பாட்டுக் கட்டுவார். ஆனால் குழந்தைகளிடம் அவர் பேசியது இந்த ஊர் ஹிந்துஸ்தானி. தந்தைக்கோ ஆங்கிலம். செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் கூடத்தில் தமிழும், தெருவில் தெலுங்கும், கடையில் ஹிந்தியுமாக வளரும் நம் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

சின்ன வயதில் சரோஜினி ஆங்கிலம் பேச மறுத்தார். பிடிவாதக்காரக் குழந்தை. ஒன்பது வயதில் ஒரு நாள் தந்தை அவரை ஓர் அறையில் தனியே வைத்துப் பூட்டிவிட்டார். அவருக்குத் தந்தை கொடுத்த தண்டனை அந்த ஒன்றுதான் என்பார்கள். அறையை விட்டு வெளியே வந்த பெண், அன்று முதல் தந்தையிடம் ஆங்கிலத்திலேயே பேசினார். தாய் ஹிந்துஸ்தானியில் கேட்டாலும் பதில் ஆங்கிலத்தில்தான். தண்டனைக்குப் பணிந்ததா, தண்டித்தவருக்குத் திருப்பிக் கொடுத்ததா என்று சொல்வது கடினம். அந்த ஆங்கிலம்தான் பிறகு அவருக்குப் பேரும் புகழும் தந்தது என்பதால் பூட்டியது சரியே என்று சிலர் வாதிக்கக்கூடும். எனக்கு அதில் சம்மதமில்லை. குழந்தை கெட்டிக்காரியாக இருந்ததால் தண்டனை பலித்தது, அவ்வளவுதான்.

மூத்த மகள் கணித மேதையாகவோ விஞ்ஞானியாகவோ வரவேண்டும் என்பது அகோரநாத்தின் ஆசை. அவர் ஒரு விசித்திரமான விஞ்ஞானி. தாழ்ந்த உலோகத்தைத் தங்கமாக்கும் ரசவாதத்தில் அவருக்கு ஆயுள் முழுவதும் ஈடுபாடு உண்டு. ராஜாக்களும் பரதேசிகளும், படித்தவர்களும் பித்தர்களும் அவர் வீட்டு முற்றத்தில் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்களாம். சம்பாதித்ததெல்லாம் இப்படி வந்தவர்களுக்கே செலவானது. அந்த முற்றத்தில் வளர்ந்த குழந்தைக்குச் சூத்திரத்தைவிடக் கற்பனை பிடித்துப் போனதில் ஆச்சரியம் என்ன?

பதினோரு வயதில் ஒரு நாள் அல்ஜீப்ரா கணக்கு ஒன்று சரியாக வராமல் சரோஜினி தவித்துக்கொண்டிருந்தார். விடைக்குப் பதிலாக ஒரு முழுக் கவிதை மனத்தில் வந்தது. எழுதி வைத்தார். தம்முடைய கவி வாழ்வு அன்று தொடங்கியதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் கணக்கை விட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டு மெட்ரிகுலேஷனில் தேறியதைத்தான் மேலே பார்த்தோம். தந்தைக்கும் மனக்குறை இல்லாமல், தமக்கும் வழி அடைபடாமல் பார்த்துக்கொண்டார் என்று தோன்றுகிறது.

பதிமூன்று வயதில் ஆறே நாளில் ஆயிரத்து முந்நூறு வரிகளில் ஒரு நீண்ட கவிதை எழுதினார். இரண்டாயிரம் வரிகளில் ஒரு நாடகமும் எழுதினார். உடம்பு சரியில்லை, புத்தகத்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டித்தார். அந்தக் கோபத்தில் பிறந்தது அந்த நாடகம்! பதினான்கு வயதுக்குள் உடல்நிலை கெட்டு, முறையான படிப்பு நின்றது. ஆனால் புத்தகம் படிப்பதை எந்த டாக்டராலும் நிறுத்த முடியவில்லை.

மகள் எழுதிய மெஹர் முனீர் என்ற பாரசீகக் கதை நாடகத்தை அகோரநாத் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். ஒரு பிரதி ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானிடம் போய்ச் சேர்ந்தது. கணிதம் படிக்கச் சொன்ன தந்தைதான் கவிதை நாடகத்தை அச்சுக்கும் கொடுத்தார். கண்டிப்பான அப்பாக்களுக்குள்ளும் இப்படி ஒரு பெருமை ஒளிந்திருப்பது உண்டு. நிஜாமுக்கு நாடகம் பிடித்துப்போய், வெளிநாட்டுப் படிப்புக்கு உபகாரச் சம்பளம் மஞ்சூர் ஆயிற்று. ஆண்டுக்கு 300 பவுன், கப்பல் செலவு தனி.

விருப்பமில்லாத பயணம்

இதற்குள் வீட்டில் வேறொரு பிரச்னை தலைதூக்கியிருந்தது. நிஜாம் அரசின் மருத்துவப் பணியில் இருந்தவர் டாக்டர் முத்யால கோவிந்தராஜுலு நாயுடு. அவரும் எடின்பரோவில் படித்தவர். சரோஜினியைவிடப் பத்து வயது மூத்தவர், மனைவியை இழந்தவர். பதினைந்து வயதுப் பெண் இவரையே மணப்பது என்று மனத்தில் முடிவு செய்துவிட்டார். பெண் வங்காளி பிராமண குலம். டாக்டர் தெலுங்கர், பிராமணரல்லாதவர்.

அகோரநாத் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். ஜாதி வேற்றுமை கூடாது என்பது அந்தச் சமாஜத்தின் கொள்கை. இருந்தும் வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை. பெண்ணுக்கு வயது போதாது என்பதும் ஒரு காரணம். அது நியாயமான காரணமே. ஜாதியும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே வரலாறு எழுதியவர்கள் கருதுகிறார்கள். மேடையில் பேசுவது வேறு, மகள் விஷயம் என்று வரும்போது வேறு. இதை நாம் குற்றம் சொல்லும் நிலையில் இருக்கிறோமா என்பதை வாசகர்கள் அவரவர் வீட்டில் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நிஜாமின் உதவித்தொகை நல்ல சாக்காக வந்தது. 1895இல் பதினாறு வயதுச் சரோஜினி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஆயிரம் பேர் ஏங்கும் வாய்ப்பு. ஆனால் தம் விருப்பத்துக்கு மாறாகவே அனுப்பப்பட்டதாகத்தான் அவர் பின்னர் குறிப்பிட்டார். மேல்படிப்புக்கென்று மட்டும் பெற்றோர் அவரை அனுப்பவில்லை. கடல் நடுவில் வந்தால் காதல் ஆறிவிடும் என்றும் எண்ணினார்கள். ஆறவில்லை. ஐதராபாத் டாக்டருக்கு லண்டனிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன.

லண்டனில் இந்திய மாணவர்களுக்கு ஆதரவாக இருந்த மானிங் என்ற அம்மையார் அவரைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் சேர வயது போதாததால் முதலில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென 1869இல் ஏற்பட்ட கிர்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. பாடத்திட்டமும் ஒத்துக்கொள்ளவில்லை. விரிவுரையைவிட வயல்வெளியில் நடப்பதில்தான் மனம் போயிற்று.

மானிங் அம்மையார் வீட்டுக்கு எழுத்தாளர்கள் வந்து போவார்கள். அங்கேதான் எட்மண்ட் காஸ் என்ற பேர்பெற்ற விமர்சகரைச் சரோஜினி சந்தித்தார். எழுதிய கவிதைகளை அவரிடம் கொடுத்தார். காஸ் படித்துப் பார்த்தார். யாப்பில் குறையில்லை, ஆங்கிலத்தில் குறையில்லை. ஆனால் எல்லாம் இங்கிலாந்துப் பறவைகள், இங்கிலாந்துப் பூக்கள், இங்கிலாந்து மாதா கோவில் மணிகள். ஐதராபாத் பெண் எழுதியது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. இதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு உன் நாட்டு மலையையும் தோட்டத்தையும் கோவிலையும் ஜனங்களையும் எழுது என்ற கருத்தில் அவர் புத்தி சொன்னார்.

பதினேழு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய அடி! தந்தை அறையில் பூட்டிக் கற்றுக்கொடுத்த ஆங்கிலம், அதில் எழுதிய பாட்டு, இரண்டையும் ஆங்கிலேயரே பார்த்து இதில் நீ எங்கே என்று கேட்கிறார். சரோஜினி மனமுடைந்து உட்காரவில்லை. பல்லக்குத் தூக்கிகளும், வளையல் விற்பவர்களும், பாம்பாட்டிகளும், ஐதராபாத் கடைவீதியும் அவர் கவிதைக்குள் வந்தது இதற்குப் பிறகுதான். ஊரை விட்டுப் போன பிறகுதான் ஊர் கண்ணில் பட்டது. நம்மில் பலருக்கும் மதுரையோ திருநெல்வேலியோ அப்படித்தானே!

பட்டம் இல்லாமல் திரும்பியவர்

உடல்நலம் மீண்டும் கெட்டது. இத்தாலியில் சில காலம் தங்கித் தேறினார். 1898 செப்டம்பரில் பட்டம் எதுவும் பெறாமல் ஐதராபாத் திரும்பினார். அக்காள் சீமையில் இருக்கும்போதே, ஏப்ரலில், தம்பி ஹரீந்திரநாத் பிறந்திருந்தான். மூன்றாண்டுச் செலவு, நிஜாமின் பணம், முடிவில் கையில் ஒரு காகிதமும் இல்லை. அக்கம்பக்கத்தில் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று ஊகிக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. கிர்ட்டனில் கடைசி வரை இருந்து எல்லாத் தேர்விலும் தேறியிருந்தாலும் அவருக்குப் பட்டம் கிடைத்திருக்காது. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் அன்று பெண்களைத் தேர்வு எழுத விடுமே தவிரப் பட்டம் தராது. சரோஜினி இங்கிலாந்தில் இருந்தபோதே, 1897 மே மாதம், பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையோர் கூடாது என்று வாக்களித்தார்கள். மாணவர்கள் சைக்கிள் ஓட்டும் பெண்ணைப் போல ஒரு பொம்மை செய்து தெருவில் தொங்கவிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். கேம்பிரிட்ஜ் மனமிரங்கியது 1948இல். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தா பல்கலைக் கழகம் காதம்பினி, சந்திரமுகி என்ற இரு பெண்களுக்குப் பட்டம் கொடுத்துவிட்டது. சீமைதான் எல்லாவற்றிலும் முன்னோடி என்று எண்ணுகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்த பெண்ணின் தீர்மானம் மாறவில்லை என்று தெரிந்ததும் அகோரநாத் இறங்கி வந்தார். வீட்டை விட்டு ஓடவும் இல்லை, உறவை முறிக்கவும் இல்லை. அனுப்பிய இடத்துக்குப் போனார், சொன்ன காலம் காத்திருந்தார், பத்தொன்பது வயதில் தம் முடிவோடு வந்து நின்றார். 1898 டிசம்பரில் சென்னையில் திருமணம் நடந்தது. முன்னின்று நடத்தியவர், ராஜமகேந்திரபுரத்தில் விதவா விவாகங்கள் நடத்தி ஆந்திர தேசத்தைக் கலக்கிய கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு. 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான திருமணம் அது. அந்தச் சட்டத்தின் கீழ் மணம் புரிவோர், தாம் ஹிந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஜாதி விட்டு ஜாதி மணப்பதற்கு அன்று இருந்த வழி அவ்வளவுதான்.

எட்டுக் குழந்தைகளில் மூத்த ஆண் பிள்ளை வீரேந்திரநாத். இவர் மேலும் தந்தைக்குப் பெரிய நம்பிக்கை. ஐ.சி.எஸ். தேர்வுக்காக 1902இல் இங்கிலாந்து போனார். தேர்வில் வெற்றி கிட்டவில்லை. புரட்சிக்காரர்களோடு சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது பெர்லினில் இருந்துகொண்டு வெள்ளையருக்கு எதிராக வேலை செய்தார். பிறகு சோவியத் நாடு சென்று, 1937இல் ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில் கொல்லப்பட்டார். படிக்கப் போன பிள்ளை வீடு திரும்பவே இல்லை. தந்தை அகோரநாத் 1915இல் கல்கத்தாவில் காலமானார். ஆகவே மகனின் முடிவை அவர் அறியவில்லை. ஒரே வீட்டில், ஒரே ஆசையோடு கடல் கடந்து அனுப்பப்பட்ட இரண்டு பிள்ளைகள்!

பிற்காலம்

பிற்காலம் எல்லோரும் அறிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தாண்டுகளுக்குள் நான்கு குழந்தைகள் பிறந்தார்கள். குழந்தைகளுக்கு நடுவில், அடிக்கடி படுக்கையில் தள்ளும் உடம்போடு எழுதிச் சேர்த்த கவிதைகள், 1905இல் கோல்டன் திரெஷோல்ட் என்ற பெயரில் லண்டனில் வெளியாயின. பொன்வாசல் என்று பொருள் கொள்ளலாம். 1908 செப்டம்பரில் மூசி நதி பெருக்கெடுத்து ஐதராபாத்தை அழித்தபோது அவர் செய்த நிவாரணப் பணிக்காகச் சர்க்கார் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் தந்தது. ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1917இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்த மாதர் தூதுக்குழுவுக்குத் தலைமை வகித்தார். 1925இல் கான்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். 1930 மே மாதம் தராசனா உப்புக் களத்தில் தொண்டர் படையை நடத்திச் சென்று சிறை புகுந்தார். இத்தனைக்கும் டாக்டர் நாயுடு ஐதராபாத்தில் தம் வைத்தியத் தொழிலைப் பார்த்துக்கொண்டு, குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு கணவர் அமைவது அபூர்வம். பதினைந்து வயதில் பெண் செய்த தேர்வு மோசமில்லை என்றே சொல்ல வேண்டும்.

சுதந்திரம் வந்ததும் உத்தரப் பிரதேசத்தின் முதல் கவர்னர் ஆனார். 1949 மார்ச் 2ஆம் தேதி லக்னோவில், பதவியில் இருக்கும்போதே காலமானார். அச்சேறாமல் இருந்த கவிதைகளை மகள் பத்மஜா 1961இல் நூலாக வெளியிட்டார். அப்போது பத்மஜாவும் மேற்கு வங்கத்தின் கவர்னர். தாத்தா புறப்பட்டு வந்த வங்கத்துக்கே பேத்தி கவர்னராகப் போனார்.

நாம்பள்ளி ஸ்டேஷன் ரோட்டில் ஆபிட்ஸ் பக்கம் அந்தக் குடும்பத்தின் வீடு இருக்கிறது. முதல் கவிதை நூலின் பெயரே அதற்கும் பெயர். 1974இல் ஐதராபாத் பல்கலைக் கழகம் தொடங்கப்பட்டபோது, கச்சிபவுலியில் கட்டடங்கள் எழும்பும் முன், அது முதலில் இயங்கியது இந்த வீட்டில்தான்.